நாள்பட்ட வலி: மாத்திரையா, பயிற்சியா, ஊசியா, அறுவை சிகிச்சையா?

வலிக்காக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பையோடு வருகிறார்கள். அதை மேசையில் கொட்டச் சொல்வேன். பாதி காலியான மாத்திரை அட்டைகள், வாய் காய்ந்துபோன களிம்புக் குழாய், இடுப்புப் பட்டை, மடங்கி நைந்த ஸ்கேன் உறை என்று எல்லாம் வந்து விழும். ஒருமுறை அப்படிக் கொட்டியதில் வெவ்வேறு பெயர் கொண்ட மூன்று அட்டைகள் கிடைத்தன. திருப்பிப் பின்பக்கத்துச் சிற்றெழுத்தைப் படித்தபோது மூன்றிலும் இருந்தது பாரசிட்டமால்தான். முதுகுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று நினைத்து அவர் மூன்றையும் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தார். பையில் இருப்பது ஆளுக்கு ஆள் மாறும். அதன் பிறகு வரும் கேள்வி மாறுவதில்லை. "சிஸ்டர், ஒருவர் ஊசி போடச் சொல்கிறார், ஒருவர் பயிற்சி செய்யச் சொல்கிறார், இன்னொருவர் ஆபரேஷன்தான் என்கிறார். நான் எதைச் செய்வது?"

நான் நர்ஸ் பிராக்டிஷனர். அதாவது கூடுதல் படிப்பு முடித்து, நோயாளியைப் பரிசோதிக்கவும் சட்டம் இடம் தரும் அளவுக்கு மருந்து எழுதவும் உரிமை பெற்ற செவிலியர். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முதல் பயிற்சித் திட்டத்தோடு தொடங்கிய இந்தப் பணி இன்று பல நாடுகளில் இருக்கிறது. ஒரே நோயாளியை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பது என் வேலை என்பதால், ஒரு சிகிச்சை முதல் வாரத்தில் எப்படித் தோன்றுகிறது, ஆறாவது மாதத்தில் எப்படி ஆகிவிடுகிறது என்ற வேறுபாட்டைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிகிறது. இந்த ஒப்பீட்டை அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

## ஒப்பிடுவதற்கு முன்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை, அல்லது விட்டுவிட்டுத் திரும்பி வரும் வலியை, நாள்பட்ட வலி என்கிறோம். ஆனால் நாள்பட்டது என்ற பெயர் வந்துவிட்டதாலேயே எல்லா வலியையும் பொறுமையாக ஆராய்ந்துகொண்டிருக்கலாம் என்று பொருளல்ல. வலியோடு காய்ச்சல், காரணம் தெரியாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, படுத்து ஓய்வெடுத்தாலும் இரவில் தணியாத வலி ஆகியவை இருந்தால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். முதுகு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலும், உட்காரும் இடம் மரத்துப்போனாலும், கால் திடீரென்று பலமிழந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கீழே வரும் ஒப்பீடு எதுவும் அவர்களுக்கானதல்ல.

அடுத்தது, வலி எந்த வகையைச் சேர்ந்தது என்பது. மூட்டு தேய்ந்தோ வீங்கியோ வருவது திசுவின் வலி. அசைத்தால் கூடும், ஓய்வில் குறையும். நரம்பே பழுதுபட்டு வருவது இன்னொரு வகை. எரியும், ஊசி குத்தும், மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும், போர்வை பட்டால்கூடப் பொறுக்காது. மூன்றாவது வகையில் திசுவிலும் நரம்பிலும் பெரிய சேதம் காணப்படுவதில்லை. வலியை உணர்த்தும் அமைப்பே அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. ஃபைப்ரோமயால்ஜியா இதற்கு நல்ல உதாரணம். இந்த மூன்றாம் வகைக்குச் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் தனிப் பெயர் வைத்து ஏற்றது 2017இல்தான். அதற்கு முன் இந்த நோயாளிகள் பலர் "எல்லாம் நார்மல்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஒரே உடலில் இரண்டு மூன்று வகைகள் கலந்திருப்பதும் சாதாரணம். ஒருவருக்கு வேலை செய்த மருந்து அடுத்தவருக்குச் செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த வகை வேறுபாடுதான் காரணம்.

பையில் இருக்கும் ஸ்கேன் உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களை அலசி 2015இல் வெளியான ஆய்வில், இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டில், அதாவது ஜவ்வில், தேய்மானம் தெரிந்தது. தோல் சுருங்குவதைப் போல முதுகெலும்பும் வயதாகிறது. ஆகவே "ஜவ்வு விலகியிருக்கிறது" என்ற அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஊசிக்கோ அறுவைக்கோ முடிவெடுப்பது சரியல்ல; படத்தில் தெரியும் இடமும், உடலில் வலிக்கும் இடமும், பரிசோதனையில் தெரியும் குறைபாடும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வலி எவ்வளவு குறையும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நான் அதை முதல் அளவுகோலாக வைப்பதில்லை. நாள்பட்ட வலியில் எந்தச் சிகிச்சையும் வலியை அடியோடு துடைப்பது அரிது. பத்துக்கு எட்டாக இருந்தது ஐந்தரை ஆனால், அதாவது ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்தால், அதையே நல்ல பலன் என்று மருத்துவ ஆய்வுகள் கணக்கிடுகின்றன. அதனால் என் முதல் அளவுகோல் செயல்: இப்போது செய்ய முடியாத எந்த ஒரு வேலையை இந்தச் சிகிச்சை மீட்டுத் தரும்? நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதா, பேரக்குழந்தையைத் தூக்குவதா, நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் உறங்குவதா? அதைப் பெயர் சொல்லிக் குறிக்க முடியாவிட்டால், பிறகு சிகிச்சை பலித்ததா என்பதையும் சொல்ல முடியாது.

இரண்டாவது, காலம்: பலன் தெரிய எத்தனை நாள், தெரிந்த பின் அது எத்தனை நாள் நிற்கும். மூன்றாவது, மறைவான செலவு: மருந்துச் சீட்டில் எழுதாத தூக்கக்கலக்கம், மலச்சிக்கல், வேலையில் இழக்கும் நேரம், வீட்டார் உடன் வந்து இழக்கும் நேரம். நான்காவது, திரும்பி வர முடியுமா என்பது: களிம்பை நாளைக்கே நிறுத்தலாம், எலும்பில் பொருத்திய உலோகத்தை அப்படி எடுத்துவிட முடியாது. ஐந்தாவது, உங்கள் உடலில் ஏற்கெனவே இருக்கும் நோய்களும் நீங்கள் உண்ணும் பிற மருந்துகளும். மற்ற நான்கிலும் வெற்றி பெறும் சிகிச்சை இந்த ஐந்தாவதில் தோற்று, ஒரே நாளில் பட்டியலிலிருந்து நீங்குவதை அடிக்கடி பார்க்கிறேன்.

## முதல் வழி: மாத்திரைகள்

"வலி மாத்திரை" என்று ஒரே சொல்லால் அழைத்தாலும், இதற்குள் நான்கு வேறு வேறு குடும்பங்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகப் பாவிப்பதால்தான் பாதிக் குழப்பம்.

பாரசிட்டமால் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நாள்பட்ட முதுகு வலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் இது தரும் பலன் சிறிது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் வரம்பு இன்னும் கீழே. சளி மாத்திரையிலும் கூட்டு மாத்திரையிலும் இது ஒளிந்திருப்பதுதான் ஆபத்து. அந்த மூன்று அட்டைக்காரரின் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது வரம்பைத் தாண்டியிருந்தது. அவருக்கு அன்றே கல்லீரல் பரிசோதனைக்கு எழுத வேண்டியதாயிற்று.

இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென், செலிகாக்சிப் ஆகியவை வீக்கத்தைத் தணிக்கும் குடும்பம். மூட்டு வலியிலும் முதுகு வலியிலும் பாரசிட்டமாலைவிட இவை நன்றாகவே வேலை செய்கின்றன. பலன் சில மணி நேரத்தில் தெரியும். ஆனால் இவை எந்த வேதிப்பொருளைத் தடுத்து வலியைக் குறைக்கின்றனவோ, அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தையும் சீராக வைக்கிறது. ஆகவே நன்மையும் தீமையும் ஒரே கதவு வழியாக வருகின்றன. இரைப்பையைக் காப்பாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட ரோஃபிகாக்சிப் என்ற மருந்து, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2004இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளோடும், நீர் பிரியும் மாத்திரையோடும் மூன்றாவதாக இந்த வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடும். வாந்தி பேதியாகி உடலில் நீர் குறைந்திருக்கும் நாளில் ஆபத்து இன்னும் அதிகம். என்னைக் கேட்டால், இந்தக் குடும்பத்தில் அதிகம் மதிக்கப்படாத உருவம் களிம்புதான். முழங்கால், கை விரல் மூட்டுகள் போன்ற தோலுக்கு அருகில் உள்ள மூட்டுகளுக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு மாத்திரைக்கு ஏறக்குறைய இணையாக உதவுகிறது. ரத்தத்தில் கலப்பதோ மிகக் குறைவு. சிறு துளி வைத்து ஒரு முறை தேய்த்துவிட்டு "பலனில்லை" என்பவர்களே அதிகம். உறையில் சொன்ன அளவில், சொன்ன வேளைகளில், இரண்டு மூன்று வாரம் தடவிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இடுப்பு மூட்டுக்கு இது எட்டாது.

நரம்பு வலிக்கான குடும்பத்தில் அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவை இருக்கின்றன. முதல் இரண்டும் மனச்சோர்வுக்கான மருந்துகளாக அறிமுகமானவை. வீட்டுக்குப் போய் உறைக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டு, "எனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டீர்களா" என்று கோபத்தோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியே இறங்கி வலிச் செய்தியை அடக்கும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதையைப் பலப்படுத்துவதே இங்கே இவற்றின் வேலை என்பதை இப்போதெல்லாம் எழுதிக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். எதிர்பார்ப்பையும் அளவாக வைக்க வேண்டும். 2015இல் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, நரம்பு வலியைப் பாதியாகக் குறைக்க ஒருவருக்கு உதவ வேண்டுமானால், அமிட்ரிப்டிலின் வகையை ஏறக்குறைய நான்கு பேருக்கும், டுலோக்செடின் வகையையும் கபாபென்டினையும் ஆறு பேருக்கும், பிரிகாபலினை எட்டுப் பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பலன் தெரிய நாலு முதல் எட்டு வாரம் ஆகலாம். பக்கவிளைவோ முதல் இரவிலேயே தெரிந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வுதான் பலரை இரண்டாம் வாரத்தில் நிறுத்த வைக்கிறது. அமிட்ரிப்டிலினால் வாய் உலரும், மலம் இறுகும், முதியவர்களுக்குச் சிறுநீர் அடைபடலாம். இதய நோய் உள்ளவர்களுக்கு யோசித்தே தர வேண்டும். பிரிகாபலினால் தள்ளாட்டமும் கால் வீக்கமும் எடை கூடுவதும் உண்டு. சிறுநீரகம் குறைவாக வேலை செய்பவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இவற்றில் எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

நான்காவது குடும்பம் ஓபியாய்டுகள், அதாவது அபின் வகை வலி மருந்துகள்: டிரமடால், கோடீன், மார்ஃபின், ஆக்சிகோடோன் முதலியவை. விபத்தின் கடும் வலியிலும், புற்றுநோய் வலியிலும், வாழ்வின் இறுதி நாட்களிலும் இவற்றுக்கு மாற்றில்லை. அங்கே கஞ்சத்தனம் காட்டுவது கொடுமை. ஆனால் புற்றுநோய் சாராத நாள்பட்ட முதுகு, முழங்கால், இடுப்பு வலியுள்ள 240 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓபியாய்டு எடுத்தவர்களின் செயல்திறன் மற்ற மருந்து எடுத்தவர்களைவிடச் சிறிதும் மேம்படவில்லை; வலியின் அளவு மற்றவர்களுக்கே சற்றுக் குறைவாக இருந்தது. நாளாக நாளாக உடல் பழகி, அதே பலனுக்குக் கூடுதல் அளவு கேட்கும். சிலருக்கு மருந்தே வலி உணர்வைக் கூர்மையாக்கிவிடும். மலச்சிக்கல் ஏறக்குறைய உறுதி. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சு அடங்கும் ஆபத்து. டிரமடாலை "லேசான மாத்திரை" என்று நினைப்பவர்கள், அது வலிப்பு வரவழைக்கக்கூடியது, மனச்சோர்வு மருந்துகளோடு மோதக்கூடியது என்பதை அறிவதில்லை. ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் எடுத்துவருபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடக் கூடாது. திடீர் நிறுத்தம் கடும் துன்பத்தையும் தற்கொலை எண்ணத்தையும்கூடத் தூண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019இல் எச்சரித்தது. ஆண்டுக்கணக்காக எடுப்பவர்களுக்கு மாதத்துக்குப் பத்து சதவீதம் என்ற அளவில், தேவைப்பட்டால் அதைவிடவும் மெதுவாக, மருந்து எழுதுபவரோடு சேர்ந்து குறைப்பதே முறை.

தலைவலிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாட்களோ அதற்கு மேலோ டிரிப்டான் (ஒற்றைத் தலைவலி மருந்து), ஓபியாய்டு, கூட்டு மாத்திரை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று என மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். அவர்களுக்குச் சிறந்த மாத்திரை, மாத்திரையைக் குறைப்பதுதான்.

## இரண்டாவது வழி: உடற்பயிற்சி

என் அனுபவத்தில் அதிகம் பரிந்துரைக்கப்படுவதும் மிக மோசமாக விளக்கப்படுவதும் இதுவே. "நடங்கள், எடையைக் குறையுங்கள்" என்று சொல்லிக் கதவைக் காட்டுவது பரிந்துரை ஆகாது.

சான்றுகளின் பக்கம் பார்த்தால் இதற்கு ஈடான வழி குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் 2023 இறுதியில் நாள்பட்ட முதுகு வலிக்கென்று முதன்முதலாக வெளியிட்ட வழிகாட்டுதல், பயிற்சியையும் விளக்கக் கல்வியையும் பரிந்துரைக்கிறது; இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் முதன்மை நாள்பட்ட வலிக்கு, அதாவது வேறொரு நோயைக் காரணமாகக் காட்ட முடியாத வலிக்கு, பயிற்சியை முன்வைத்து, பாரசிட்டமால், வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகள், ஓபியாய்டு, கபாபென்டின் வகை ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. எந்தப் பயிற்சி என்பதில் பெரிய வேறுபாடு இல்லை: நடை, நீச்சல், யோகா, எடை தூக்குதல் எதுவாயினும் நீங்கள் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுவே உங்களுக்கு நல்லது.

எங்கே தோற்கிறது? வலி குறைவாக இருக்கும் நாளில் விட்டுப்போன வேலைகளையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது. எழுந்ததும் மறுபடி அதே கதை. இந்தச் சுழலில் இருப்பவருக்குப் பயிற்சி இன்னொரு தண்டனையாகவே படும். நான் செய்யச் சொல்லும் முறை இது. நல்ல நாள், மோசமான நாள், நடுத்தரமான நாள் என மூன்று நாட்களில், வலி ஏறத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 14, 6, 10 என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 8 நிமிடம், தொடக்க அளவு. உடம்பு நன்றாக இருந்தாலும் 8 நிமிடத்தில் நிறுத்த வேண்டும்; நன்றாக இல்லாவிட்டாலும் கூடியவரை 8 நிமிடத்தை முடிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். கூடுதலாக நடக்கத் தூண்டும் நல்ல நாளில் நிறுத்துவதுதான் எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது. பயிற்சிக்குப் பின் ஏறிய வலி ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் அளவு சரி; இறங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டுமே தவிர, பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

மறைவான செலவுகளையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று நான்கு வாரம் வலி கூடலாம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். நிறுத்தினால் பலனும் மெல்லக் கரையும். பிசியோதெரபிஸ்டிடம் போய் வரும் நேரம், அதற்கு எடுக்கும் விடுப்பு எல்லாம் செலவுதான். படுக்கவைத்துக் கருவி வைத்துவிட்டு மட்டும் அனுப்பும் இடமானால் அந்தச் செலவு வீண். நீங்கள் தனியாகச் செய்யக் கற்றுத்தருபவரே நல்ல பிசியோதெரபிஸ்ட். ஒரு விலக்கையும் மறக்கக் கூடாது: சிறு உழைப்புக்கே மறுநாள் உடல் முழுவதும் சரிந்து, நாள்கணக்கில் எழ முடியாமல் போகும் நோயாளிகள் இருக்கிறார்கள், வைரஸ் தொற்றுக்குப் பின் இப்படி ஆனவர்கள் உண்டு. அவர்களுக்கு வாரம் தோறும் கூட்டும் இந்தக் கணக்கு கூடாது.

## மூன்றாவது வழி: மனத்துக்கான பயிற்சிகள்

இதைப் பேசத் தொடங்கினாலே, "அப்படியானால் வலி என் கற்பனையா?" என்ற கேள்வி எழும். இல்லை. வலி உண்மை. அந்த வலியை மூளை எவ்வளவு அபாயமாக வாசிக்கிறது என்பது உறக்கத்தாலும் அச்சத்தாலும் கவனத்தாலும் மாறுகிறது. அந்த வாசிப்பை மாற்றப் பழகுவதே இந்தப் பயிற்சிகள். நாள்பட்ட முதுகு வலியுள்ள 342 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், எட்டு வாரக் குழுப் பயிற்சிக்குப் பின் ஆறு மாத முடிவில், மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) பெற்றவர்களில் ஏறக்குறைய 61 சதவீதத்தினரும், சிந்தனை நடத்தைச் சிகிச்சை (வலி பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழகுவது) பெற்றவர்களில் 58 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 44 சதவீதத்தினரும் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். வித்தியாசம் மலையளவு இல்லை என்பதையும் கவனியுங்கள். பக்கவிளைவு மிகக் குறைவு, கற்றது கையிலேயே இருக்கும். செலவு என்பது நேரமும், தேர்ந்தவர் கிடைப்பதில் உள்ள சிரமமும், "மனநல மருத்துவரிடம் போகிறாராம்" என்று சுற்றியிருப்போர் பேசுவதும்தான். இந்தக் கடைசிச் செலவு சிறிதல்ல. அதற்காகவே பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உறக்கம் கெட்டவர்களுக்கும், அசைந்தால் ஏதோ முறிந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கும் இதையே முதலில் வைப்பேன்.

## நான்காவது வழி: ஊசிகள்

இங்கே பலன் வேகமானது, அதனால் கவர்ச்சியும் பெரிது. வீங்கிய முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களில் தணிவு தெரியும். சில வாரங்கள் நிற்கும். அதைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் பிரச்சினை. முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என இரண்டு ஆண்டு ஊசி போட்டு 2017இல் வெளியான ஆய்வில், உப்பு நீர் ஊசி பெற்றவர்களைவிட ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது. வலியில் வித்தியாசம் இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை எகிறும். மூட்டு மாற்று அறுவைக்கு முந்தைய மூன்று மாதத்தில் போட்டால் தொற்று அபாயம் கூடும். முதுகுத்தண்டைச் சுற்றிப் போடும் ஊசி, காலுக்கு இறங்கும் நரம்பு வலியில் குறுகிய காலம் உதவலாம். முதுகில் மட்டும் நிற்கும் பொதுவான வலிக்கு அதை நம்புவதற்கில்லை. ஊசி தரும் அந்தச் சில வாரங்களை நான் ஜன்னல் திறந்திருக்கும் நேரமாகப் பார்க்கிறேன்: அதற்குள் பயிற்சியைத் தொடங்கிவிட்டால் ஊசிக்குப் பொருள் உண்டு.

## ஐந்தாவது வழி: அறுவை சிகிச்சை

முற்றிலும் தேய்ந்த முழங்காலுக்கும் இடுப்புக்கும் மூட்டு மாற்று அறுவை பலருக்கு வாழ்க்கையையே திருப்பித் தந்திருக்கிறது. அதே சமயம் முழங்கால் மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலி தொடர்கிறது. இந்த எண்ணை அறுவைக்கு முன் கேட்டு அறிந்தவர்கள் மிகச் சிலரே. தேய்ந்த முழங்காலைக் குழாய்க் கருவி வழியாகக் கழுவிச் சுத்தம் செய்யும் முறையை, தோலை மட்டும் வெட்டித் தைத்த போலி அறுவையோடு 180 பேரிடம் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. வட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக் கால் வலி வந்தவர்கள் 283 பேரிடம் நடந்த 2007ஆம் ஆண்டு ஆய்வின்படி, சீக்கிரம் அறுவை செய்தவர்களுக்கு வலி விரைவில் தணிந்தது. ஓராண்டு முடிவிலோ காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்திருந்தார்கள். ஆக அங்கே அறுவை பெரும்பாலும் வாங்கித் தருவது காலத்தை. வேலையை இழக்கும் நிலையில் இருப்பவருக்கு அந்தக் காலம் விலை மதிப்புள்ளது. வீட்டிலிருந்து சமாளிக்கக்கூடியவருக்கு அவ்வளவு இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் தெரிய | பலன் நிற்பது | மறைவான செலவு | திரும்பி வர |
|---|---|---|---|---|
| வீக்கம் தணிக்கும் மாத்திரை | மணி நேரங்கள் | உண்ணும்வரை | இரைப்பை, சிறுநீரகம், இதயம் | எளிது |
| களிம்பு | சில நாட்கள் முதல் மூன்று வாரம் | தடவும்வரை | தோல் அரிப்பு, பொறுமை | மிக எளிது |
| நரம்பு வலி மருந்து | 4 முதல் 8 வாரம் | உண்ணும்வரை | தூக்கக்கலக்கம், தள்ளாட்டம், எடை | மெதுவாகக் குறைத்தால் முடியும் |
| ஓபியாய்டு | மணி நேரங்கள் | நாளாகக் குறையும் | பழகுதல், மலச்சிக்கல், மூச்சு | கடினம் |
| உடற்பயிற்சி | 8 முதல் 12 வாரம் | செய்யும்வரை | நேரம், முதல் வாரங்களின் வலி | மிக எளிது |
| மனப் பயிற்சி | சுமார் 8 வாரம் | மாதங்கள், ஆண்டுகள் | நேரம், பிறர் பேச்சு | மிக எளிது |
| ஸ்டீராய்டு ஊசி | சில நாட்கள் | சில வாரங்கள் | சர்க்கரை, குருத்தெலும்பு | ஓரளவு |
| அறுவை | மாதங்கள் | ஆண்டுகள் | மீளும் காலம், தொடரும் வலி | இயலாது |

## யாருக்கு எது

எழுபதைக் கடந்தவர், முழங்கால் தேய்மானம், ரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் எடுக்கிறார் என்றால், களிம்பும் தொடைத் தசைக்கான பயிற்சியும்தான் என் தொடக்கம். வீக்கம் தணிக்கும் மாத்திரையை அவர் பையிலிருந்தே எடுத்துவிடுவேன். முறையாக மூன்று நான்கு மாதம் செய்தும் படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குப் போவதே போராட்டமாக இருந்தால், அறுவை நிபுணரிடம் அனுப்பத் தயங்கக் கூடாது. வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டால், தசை மெலிந்து அறுவையின் பலனும் குறையும்.

சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவருக்கு நரம்பு வலி மருந்து முதலில். டுலோக்செடினா அமிட்ரிப்டிலினா என்பதை அவருடைய இதயமும் சிறுநீர்ப் போக்கும் உறக்கமும் தீர்மானிக்கும். அவருக்கு இபுபுரோஃபென் தருவது பலனும் இல்லை, சிறுநீரகத்துக்கும் கேடு.

பத்தாண்டு முதுகு வலி, ஸ்கேனில் வயதுக்கேற்ற மாற்றம் மட்டும், எதைத் தூக்கினாலும் பயம் என்றால், நிமிடக் கணக்குப் பயிற்சியும் மனப் பயிற்சியும் சேர்ந்தே தொடங்க வேண்டும். உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும் இதே வரிசைதான்; தேவைப்பட்டால் டுலோக்செடின் சேர்க்கலாம். ஊசியும் அறுவையும் இவர்களுக்கு வேண்டாம். யாராவது வற்புறுத்தினால் இன்னொரு கருத்தைக் கேளுங்கள்.

கால் வரை இறங்கும் புதிய நரம்பு வலியில், கால் பலவீனம் இல்லாவிட்டால் ஆறு முதல் எட்டு வாரம் காத்திருப்பதில் இழப்பில்லை. பலவீனம் கூடிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் நான் நோயாளியிடம் ஒரு தாளைக் கொடுத்து நான்கு வரி எழுதச் சொல்கிறேன். முதல் வரியில் தொடங்கும் தேதி. இரண்டாவது வரியில் மீட்க விரும்பும் ஒரே ஒரு செயல், அதன் இன்றைய அளவு: "கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் மூன்று முறை எழ முடிகிறது." மூன்றாவது வரியில் வலி, வலியால் கெடும் மகிழ்ச்சி, வலியால் தடைபடும் வேலை ஆகிய மூன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒவ்வோர் எண். நான்காவது வரியில் முடிவெடுக்கும் தேதி; மாத்திரையானால் ஆறு முதல் எட்டு வாரம், பயிற்சியானால் பன்னிரண்டு வாரம் கழித்து. அந்த நாளில் இரண்டாம் மூன்றாம் வரிகளை மறுபடி அளந்து, மாற்றம் இல்லையென்றால் அந்த வழியை நிறுத்துகிறோம், அல்லது படிப்படியாகக் குறைக்கிறோம். பையிலிருந்து கொட்டிய அட்டைகளில் பெரும்பாலானவை, இந்த நான்காவது வரியை யாரும் எழுதாததால் அங்கே தங்கிவிட்டவை.